மரத்தில் துப்புரவு, வீட்டில் கறுப்பு: மழைக்குள் கறுத்தக்கொழும்பான்

தெகிவளை வளவு:
கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் கடைசிக் காய்கள்தான் மிச்சம். பிடுங்கேக்க தோலில் ஒரு குறையும் இல்லை. பழுக்கத் தொடங்கினதும் கறுப்புப் புள்ளி வந்து, பெருத்து ஒன்றோடொன்று சேருது. சிலது காம்படியிலிருந்தே அழுகுது. தென்மேல் பருவமழையும் விடுகிறதாயில்லை. இப்ப மருந்து அடிக்கலாமா?

கொக்கத்தடி:
இப்ப அடிச்சுப் பிரயோசனமில்லை. புள்ளி அந்திரக்னோஸ் எண்ட பங்கசு (பூஞ்சை) நோய். அந்தப் பங்கசு காய் பச்சையாக இருக்கேக்கயே தோலில் புகுந்து உறங்கிக் கிடக்கும், பழுக்கேக்கதான் எழும்பும். ஆழமாகப் போகாததால் சுடுதண்ணிக்கு அடங்கும்.

முதலில் முற்றலா எண்டு பாருங்கோ: காம்பைச் சுற்றின தோள் மேலெழும்பியிருக்கும், தண்ணியில் போட்டால் தாழும். மழை விட்டு, காய் நல்லாய்க் காய்ந்த பிறகு விரல் நீளக் காம்போடு பிடுங்குங்கோ. நிலத்தில் விழுந்ததைச் சேர்க்க வேண்டாம். பிறகு காம்பைக் கட்டையாக வெட்டி, பால் வடியுமட்டும் தலைகீழாக வையுங்கோ. பால் பட்ட இடம் சுட்டுக் கறுக்கும்.

அண்டைக்கே 52 பாகை செல்சியஸ் தண்ணியில் 5 நிமிஷம். கிலோவுக்கு 4 லீற்றர் தண்ணியாவது வேணும். குறைஞ்சால் காய் இறங்கினதுமே சூடு விழுந்திடும். 55 தாண்டினால் தோல் வெந்திடும், முற்றாத காய்க்கு அதற்கு முன்னமே. கைச்சூட்டுக் கணக்குச் சரிவராது, வெப்பமானி கட்டாயம். எடுத்துப் பச்சைத்தண்ணியில் ஆற்றி, உலரவிட்டு, ஒன்றிலொன்று முட்டாமல் பரப்புங்கோ.

வெள்ளவத்தை மாடித்தோட்டம்:
காம்படி அழுகல் வேறை பங்கசு. பட்ட கொப்பில் குடியிருந்து, காம்பு வழியாக இறங்கும். சுடுதண்ணி அதற்கு அரைகுறைதான். அறுவடை முடிஞ்சதும் பட்ட கொப்பு, காய்ந்த பூந்தண்டு, வற்றித் தொங்கும் காய் எல்லாம் வெட்டி அகற்றுங்கோ, நடுவில் வெயில் விழவேணும். செப்பு மருந்தோ மங்கோசெப் எண்ட பங்கசுகொல்லியோ பூங்கொத்து வரேக்க அடிக்கிறது. அளவும் இடைவெளியும் லேபிளில் உள்ளபடி. மற்றது, அரிசிக்குள்ளயும் வைக்கலுக்குள்ளயும் மூடிப் பழுக்க வைக்கிற பழக்கம்! அந்தப் புழுக்கம் அழுகலுக்குத்தான் நல்லது. காயாக ஃபிரிட்ஜிலும் வேண்டாம். 13 பாகைக்குக் கீழே போனால் ஒழுங்காகப் பழுக்காது.

தெகிவளை வளவு:
நன்றி. பழ ஈப் புழுவும் இந்தச் சூட்டில் சாகுமா?

கொக்கத்தடி:
சாகாது, புழு சதைக்குள்ள. ஈ குத்தின காயை கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கோ. மெதைல் யூஜினோல் எண்ட, ஈயைக் கவரும் மருந்து வைச்ச பொறியில் ஆண் ஈ மட்டும்தான் விழும். அடுத்த போகம் காய் முட்டையளவு வரேக்கயே கடதாசிப் பை கட்டுங்கோ, புள்ளியும் குறையும்.