சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் சபை உதவாதா?

தேரிக்காட்டான்:
எங்களுடையது தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்துச் சின்னச் சபை. சென்ற மாதம் பனையேறி ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் மனைவி ஏழைகள் நிதியிலிருந்து உதவி கேட்டு மனுக் கொடுத்தார். கமிட்டி கூடிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உறுப்பினர் கட்ட வேண்டிய சந்தாவான சங்கக் காணிக்கை நான்கு வருடம் பாக்கி இருப்பதால் விதிப்படி கொடுக்க வழியில்லை என்று சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டியது அவரிடம் கருப்பட்டி வாங்கும் வியாபாரி. நம் கோயில் வாசலை மிதித்தறியாதவர். அதே மாதம்தான் அசனம் என்கிற கோயில் விருந்து நடந்தது. எத்தனை மூட்டை அரிசி வெந்தது என்று எனக்குத் தெரியும், நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இது சபையா, சீட்டுக் கம்பெனியா?

கணக்குப்பிள்ளை:
ஐந்து வருடம் வேறொரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த பிரிவில்) பொருளாளராக இருந்தவன் நான். கோபப்படுவது எளிது, அண்ணாச்சி. அந்த நிதியில் இருப்பது பீடி சுற்றும் பெண்கள் மாதாமாதம் தவறாமல் கட்டிய பணம். கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டால் அடுத்த வருடம் யார் கட்டுவார்கள்? விதி எதுவும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பைபிளில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். விதவைகளைப் பட்டியலில் சேர்க்க 60 வயது ஆகியிருக்க வேண்டும், நற்கிரியை செய்தவள் என்று பெயர் பெற்றிருக்க வேண்டும், சொந்தக்காரர் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும், சபையின்மேல் பாரம் ஏற்றக்கூடாது. ஆதிச் சபைக்கும் பதிவேடு இருந்தது.

எஸ்தர் டீச்சர்:
அந்தப் பட்டியலில் வயது கேட்டார்கள், நடத்தை கேட்டார்கள். சந்தா ரசீது கேட்டதாக எந்த வசனத்திலும் நான் படிக்கவில்லை. உங்கள் பதிவேடு யாருக்காகத் திறக்கிறது என்பதும் ஊருக்குத் தெரியும். பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை என்பதால் சபைத் தேர்தல் வருடத்தில் மட்டும் பல வருடப் பாக்கி ஒரே வாரத்தில் வசூலாகிறதே, அந்த ரசீதுகளை வேட்பாளர்கள் மொத்தமாகக் கட்டுவதை நீங்கள் பார்த்ததே இல்லையா?

கணக்குப்பிள்ளை:
பார்த்திருக்கிறேன். ஒருமுறை வாங்க மறுத்து வசவும் வாங்கியிருக்கிறேன். அதற்காக விதியே தப்பு என்று ஆகிவிடாது, டீச்சர். விதி இல்லாத காலத்தில் நிதி யாருக்குப் போனது தெரியுமா? கமிட்டிக்காரரின் மைத்துனருக்கு. இப்போதாவது முடியாது என்று சொல்ல என் கையில் ஒரு காகிதம் இருக்கிறது.

வழிப்போக்கன்:
வெளியே நிற்பவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? கிறிஸ்தவர்களின் ‘ஒருவரையொருவர் தாங்குதல்’ எல்லாம் பெரும்பாலும் உறவுமுறைக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான். வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நடுவே சுவர் நின்றது. அதை இடித்தது 1910இல். கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சுவர் நிற்கும் ஊர்கள் இல்லையா? இதில் பாக்கி என்பது வெறும் சாக்கு. அந்தப் பனையேறி கமிட்டித் தலைவருக்கு அத்தான் மகனாக இருந்திருந்தால் பாக்கி அன்றைக்கே தள்ளுபடி ஆகியிருக்கும்.

எஸ்தர் டீச்சர்:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் இந்த நோய் புதிதல்ல. பைபிளில் ஆதிச் சபையின் கதை சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரமே இந்தச் சண்டையில்தான் தொடங்குகிறது. தினசரிப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகளைக் கவனிக்காமல் விட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. உடனே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். பெயர்களை வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நம் கமிட்டியில் பனையேறி எத்தனை பேர்? பீடி சுற்றுகிற பெண்ணின் பணம் என்று உருகுகிறீர்களே, அந்தப் பெண் கமிட்டியில் இருக்கிறாளா?

கணக்குப்பிள்ளை:
இல்லை. இருக்க வேண்டும். சரி, இருந்தாலும் அவளும் கணக்குக் கேட்பாள்தானே?

தேரிக்காட்டான்:
கேட்கட்டும். ஆனால் ஆள் படுத்துக் கிடக்கும்போதா கேட்பது? முதலூர் எப்படி உண்டானது என்று நம் தாத்தாக்கள் சொல்லியிருக்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றதற்காகத் துரத்தப்பட்டவர்கள் ஒதுங்க 1799இல் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. அன்று யாரும் பாக்கி பார்த்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருக்க மாட்டோம். என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனிக் கலயத்தில் போடுவார். கைப்பிடி அரிசிக்கு ரசீது கிடையாது.

அன்பியத்தான்:
நான் கத்தோலிக்கன், உங்கள் சங்கக் கணக்கு எனக்குப் பிடிபடாது. எங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. பாரிஸில் 1833இல் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கே போவோம். மனு கிடையாது, பெயரை வெளியே சொல்வதும் கிடையாது. கூட்டத்தில் பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. குறை இல்லாமல் இல்லை. போகிற எங்களில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டிவிட்டது, மாடி ஏற முடியவில்லை.

எஸ்தர் டீச்சர்:
பெயரைச் சொல்லாததுதான் பெரிய காரியம், பிரதர். என் அப்பா இறந்த வருடம் கிறிஸ்துமஸுக்குச் சபையில் விதவைகளுக்குச் சேலை கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசித்து ஆல்டருக்கு முன்னால் கூப்பிட்டார்கள். அம்மா போய் வாங்கிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு பேருக்கும் ஒரே கரை, ஒரே நிறம். அதைக் கட்டிக்கொண்டு அவர் ஒருநாளும் கோயிலுக்குப் போனதில்லை. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே.

கணக்குப்பிள்ளை:
நானும் அப்படி வாசித்திருக்கிறேன், டீச்சர். பெயர்ப் பட்டியலும் நானே தயாரித்தது.

இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது ‘விசேஷமாக விசுவாச குடும்பத்தார்’ என்றுதான் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் கொடுக்கச் சின்னச் சபையால் முடியாது.

வழிப்போக்கன்:
அதே வசனத்தில் அதற்கு முன்னால் ‘யாவருக்கும்’ என்று இருப்பதையும் சேர்த்துப் படிக்கலாம். கிறிஸ்தவர்களை வெறுத்த ரோமச் சக்கரவர்த்தி ஜூலியனே, இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்களே என்று தன் பூசாரி ஒருவருக்குப் பொருமி எழுதினான். இன்று உங்கள் ஏழைக்குப் பணம் கட்டியது கருப்பட்டி வியாபாரி. பொருமுவதற்கு ஆள் மாறிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
அடி பலம்தான். விதியை எடுக்கச் சொல்ல மாட்டேன், எடுத்தால் மைத்துனர்கள் திரும்பி வருவார்கள். ஆனால் விபத்து, ஆஸ்பத்திரி, அடக்கம் மூன்றுக்கும் பாக்கி பார்க்கக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எங்கள் கமிட்டிக்கு எழுதுகிறேன். பெயர் வாசிப்பதையும் நிறுத்தச் சொல்கிறேன். தேரிக்காட்டான், நீங்களும் உங்கள் சபையில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கூட்டத்தின் மினிட் புத்தகத்தில் ஏறாது.

தேரிக்காட்டான்:
எழுத்தில் கொடுக்க ஓட்டுரிமை உள்ளவராக இருக்க வேண்டுமாம், அண்ணாச்சி. எனக்கே இரண்டு வருடம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை முதலில் அதைக் கட்டிவிட்டு வருகிறேன்.