உன்னதப்பாட்டு 5:16 "மஹமத்தீம்": ஆளின் பெயரா, வெறும் சொல்லா?

கல்மண்டபம் வாசகன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வண்ணாரப்பேட்டையில் ஒரு வாசிப்பு வட்டத்துக்காக நாலு பக்கக் கையேடு தயாரிக்கணும். வருகிறவர்களில் பாதி பாய்மார்கள், பாதி கிறிஸ்தவர்கள். சண்டைக்கான கூட்டம் இல்லை, சொற்களைப் பார்க்கும் கூட்டம்.

மண்ணடிப் பக்கம் சுற்றும் ஒரு துண்டறிக்கை, உன்னதப்பாட்டு 5:16-இன் எபிரேய மூலத்தில் முஹம்மது நபியின் பெயரே இருக்கிறது, தமிழ் பைபிளில் அதை "முற்றிலும் அழகுள்ளவர்" என்று மாற்றிவிட்டார்கள் என்கிறது. கூடவே ஒரு வாட்ஸ்அப் ஆடியோ: யாரோ எபிரேயத்தில் ஓதுகிறார், "மஹமத்தீம்" என்று தெளிவாகக் காதில் விழுகிறது. பதிலுக்கு ராயபுரம் பக்கம் சுற்றும் நோட்டீஸில் ஏசாயா 7:14-உம் சங்கீதம் 22:16-உம் இயேசுவைப் பற்றிய "மறுக்கவே முடியாத" தீர்க்கதரிசனங்கள்.

எபிரேயம் தெரியாதவர் இவற்றை எப்படிச் சரிபார்ப்பது? எங்கே வழுக்கும்?

---

பவளக்காரத் தெரு பதில்:

ஆடியோ பொய்யில்லை. அந்த ஒலி வசனத்தில் இருக்கிறது. ஆனால் வெட்டின இடம்தான் கோளாறு. முழுசாகக் கேளுங்க: "ஹிக்கோ மம்தக்கீம், வெகுல்லோ மஹமத்தீம், ஸெ தோதீ, வெஸெ ரேயீ, பெனோத் யெருஷாலாயிம்."

மம்தக்கீம், மஹமத்தீம் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் "ம", நடுவில் மூன்றெழுத்து வேர், கடைசியில் "ஈம்" என்ற பன்மை விகுதி. முதலாவதின் வேருக்கு இனிப்பு என்று பொருள், இரண்டாவதின் வேருக்கு விருப்பம். நேராக வைத்தால் "அவர் வாய் இனிமைகள், அவர் முழுவதும் விரும்பத்தக்கவைகள்". பண்பை அழுத்திச் சொல்ல எபிரேயம் பன்மையைப் போடும். தமிழில் அது ஒட்டாது என்பதால் "மிகவும் மதுரமாயிருக்கிறது", "முற்றிலும் அழகுள்ளவர்" என்று வந்தது. இரண்டாவதைப் பெயர் என்று பிடித்தால், அதே அச்சில் வந்த மம்தக்கீம் யார் பெயர்?

அடுத்து "ஈம் மரியாதைப் பன்மை, எலோஹீம் மாதிரி" என்பார்கள். தமிழருக்கு இது சட்டென்று சரி என்று படும், ஏனென்றால் நாம் பெயரிலேயே மரியாதையை ஒட்டுகிறோம்: வள்ளுவர், கம்பர், நபியார். எபிரேயத்தில் அந்தப் பழக்கம் இல்லை. எலோஹீம் (கடவுள்), அதோனீம் (ஆண்டவர்) எல்லாம் பொதுச்சொற்கள். மோசேயை "மோஷேயீம்" என்றோ தாவீதை "தாவீதீம்" என்றோ ஒரு இடத்திலும் எழுதவில்லை.

"உயிர்க்குறிகளைப் பிற்காலத்தில்தானே போட்டார்கள், மேம்-ஹேத்-மேம்-தாலெத்தை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாமே" என்பது அடுத்த வாதம். குறிகள் பிற்காலத்தவை என்பது உண்மை. முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய குறியிட்ட பிரதியான லெனின்கிராட் கையெழுத்துப் படியே 1008-இல் எழுதப்பட்டது. ஆனால் கடைசி யோத்-மேம், அதாவது அந்த "ஈம்", உயிர்க்குறி இல்லை, மெய்யெழுத்து. "குல்லோ", அதாவது "அவர் முழுவதும்", அதுவும் எழுத்தில் இருக்கிறது. தவிர, குறி போடும் முன்பே செய்த மொழிபெயர்ப்புகள் கையில் உண்டு. கிரேக்க செப்துவாஜிந்த் அந்த இடத்தில் "முழுவதும் ஆசை" என்கிறது. கி.பி. 400-ஐ ஒட்டி லத்தீனில் ஜெரோம் "முழுவதும் விரும்பத்தக்கவர்" என்கிறார். நபி பிறந்தது 570 வாக்கில். யாரை மறைக்க அவர்கள் மாற்றியிருப்பார்கள்?

இப்போது நீங்களே செய்யக்கூடிய சோதனை. பைபிள் ஹப் தளத்தில் வசனத்தின் எபிரேய வரியைத் திறந்து, சொல்லுக்கு மேலே உள்ள ஸ்ட்ராங் எண்ணை (ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுத்த அகராதி எண்) தட்டுங்க: 4261. அந்தச் சொல் வரும் 13 இடங்களும் வரிசையாக வரும். 1 இராஜாக்கள் 20:6-இல் ஆகாபின் கண்ணுக்குப் பிரியமானதையெல்லாம் வாரிக்கொண்டு போவேன் என்று பெனாதாத் மிரட்டும்போது இதே சொல். 2 நாளாகமம் 36:19-இல் பாபிலோனியர் அழித்த எருசலேமின் அருமையான பொருள்கள். எசேக்கியேல் 24:16-இல் "உன் கண்களுக்கு விருப்பமானவள்", அது தீர்க்கதரிசியின் மனைவி, அன்று சாயங்காலமே இறந்துபோகிறாள். ஓசியா 9:16-இல் கொல்லப்படப்போகும் பிள்ளைகள். பெயர் என்று வைத்து இந்த நாலையும் வாசித்துப் பாருங்க. துண்டறிக்கை அச்சடித்தவரே முதலில் மனம் புண்படுவார்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது ஒருமை வடிவம், "மஹ்மத்". அதைத் திரைப்பிடிப்பு எடுத்துப் போட்டுத்தான் பாதி வீடியோக்கள் ஓடுகின்றன. அகராதித் தலைச்சொல் வேறு, வசனத்தில் நிற்கும் வடிவம் வேறு.

அரபு "ஹம்து"-வும் எபிரேய "ஹமத்"-உம் ஒரே குடும்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரபில் புகழ், எபிரேயத்தில் ஆசை. பத்துக் கட்டளையில் "இச்சியாதிருப்பாயாக" என்பது இதே வேர், "லோ தஹ்மோத்". கொருக்குப்பேட்டையில் தெலுங்குக்காரர் "அவசரம்" என்றால் தேவை, நமக்கு அது பரபரப்பு. சொல் ஒன்று என்பதற்காகப் பொருளைக் கடன் வாங்க முடியாது.

(எபிரேயம் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் இந்தத் தெருவிலேயே இருந்தார்கள். பவள வியாபாரம் செய்த யூதர்களால்தான் தெருவுக்கே இந்தப் பெயர்.)

---

லிங்கிச்செட்டி தெரு பாய் பதில்:

பவளக்காரத் தெரு அண்ணன் சொன்னது சரி, அந்தத் துண்டறிக்கையை நானும் தாங்க மாட்டேன். ஆனால் மக்கள் ஏன் தேடுகிறார்கள் என்பதைக் கையேட்டில் ஒரு வரி எழுதுங்க. குர்ஆன் 7:157, தவ்ராத்திலும் (தோரா) இன்ஜீலிலும் (சுவிசேஷம்) நபி (ஸல்) பற்றி எழுதப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. எந்த வசனம் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் ஆளாளுக்கு ஒன்றைப் பிடிக்கிறார்கள்.

இது யூடியூப் காலத்துப் பழக்கமும் இல்லை. ஆதியாகமம் 17:20-இல் இஸ்மவேலைப் பற்றி "மிகவும் அதிகமாக" என்று வரும், எபிரேயத்தில் "பிமெஓத் மெஓத்". ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணைக் கூட்டினால் 47-உம் 45-உம், ஆக 92. முஹம்மத் என்ற பெயரில் மீம் 40, ஹா 8, மீம் 40, தால் 4, அதுவும் 92. 1172 வாக்கில் யூத அறிஞர் மைமோனிடீஸ் ஏமன் யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வசனத்தையும் உபாகமம் 18:15-ஐயும் எடுத்து மறுக்கிறார் என்றால், வாதம் அப்போதே தெருவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கூட்டல் சரிதான். ஆனால் 92 வரும் சொற்கள் ஏராளம், அதனால் அதுவும் சாட்சியாகாது.

பேச வேண்டியது உபாகமம் 18:18: மோசேயைப் போல ஒரு தீர்க்கதரிசி வருவார், "அவர்கள் சகோதரரிலிருந்து". இஸ்ரவேலின் சகோதரர் இஸ்மவேலர் ஆகலாமா? ஆகலாம் என்பதற்கு அதே புத்தகத்தில் 23:7: ஏதோமியன் "உன் சகோதரன்". கூடாது என்பதற்கும் அதே புத்தகம், 17:15: ராஜா சகோதரரில் ஒருவனாக இருக்கணும், அந்நியன் கூடாது. 18:15-இல் "உன் நடுவே" என்ற சொல்லும் சேர்ந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் பேச்சுக்கு இடம் உள்ள வசனம் இது, இதைப் பேசுங்க.

யோவான் 14:16 "தேற்றரவாளன்" விஷயம் எபிரேயமே இல்லை, கிரேக்கம். கிரேக்கத்தில் உயிரெழுத்தும் வரியிலேயே எழுதப்படுவதால் "பாராக்ளேதோஸ்" (தேற்றரவாளன்) என்பதை "பெரிக்ளூதோஸ்" (புகழ்பெற்றவர்) என்று வாசிக்க வழியில்லை, அப்படி எழுதிய பிரதியும் இல்லை. ஒதுக்கி வைங்க.

கிறிஸ்தவ சகோதரர்களுக்கு ஒரே வேண்டுகோள்: 13 இடத்தையும் புரட்டிய அதே கையால் ஏசாயா 7:14-இன் "அல்மா"வையும் ("கன்னிகை" என்று வரும் சொல்) புரட்டுங்க.

---

பெரம்பூர் லோகோ பதில்:

புரட்டிடலாம் பாய்.

ஏசாயா 7:14-இல் "ஹின்னே ஹாஅல்மா ஹாரா". அல்மா, ஸ்ட்ராங் எண் 5959. ரெபேக்காள் (ஆதி. 24:43), மோசேயின் அக்கா (யாத். 2:8) இருவரும் கல்யாணம் ஆகாத பெண்கள், சரி. உன்னதப்பாட்டு 6:8-இல் ராணிகள், மறுமனையாட்டிகளுக்கு அடுத்த வரிசை. நீதிமொழிகள் 30:19-இல் சந்தேகம். ஆக "அல்மா" வயதைச் சொல்கிறது, கன்னிமையைச் சாதிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. ஆண்பால் "எலெம்" 1 சாமுவேல் 20:22-இல் வெறும் பையன்.

"கன்னி என்று சொல்ல பெதூலா இருக்கே" என்று எதிர்ப்பக்கம் ஒரே போடாகப் போடுவார்கள். அதுவும் அவ்வளவு இறுக்கமான சொல் இல்லை. யோவேல் 1:8-இல் இளவயதின் புருஷனுக்காக இரட்டுடுத்திப் புலம்புகிறவள் ஒரு பெதூலா. நம் பழைய மொழிபெயர்ப்பே அங்கே "பெண்" என்றுதான் போட்டிருக்கிறது. கிரேக்க "பார்தெனோஸ்" கதையும் அதுதான்: செப்துவாஜிந்தில் ஆதியாகமம் 34:3, பலாத்காரத்துக்குப் பிறகும் தீனாளுக்கு அந்தச் சொல்லையே போடுகிறது.

மத்தேயு 1:23 எடுத்தது இந்தக் கிரேக்க வரியை. இரண்டாம் நூற்றாண்டில் அக்கிலா எபிரேயத்தை மறுபடி கிரேக்கமாக்கியபோது "நெயானிஸ்", இளம்பெண், என்று போட்டார். அதே நூற்றாண்டில் கிறிஸ்தவர் ஜஸ்டினும் யூதர் திரிஃபோவும் முட்டிக்கொள்வது இந்தச் சொல்லில்தான். சாக்கடல் ஓரம் கும்ரானில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளிலும் "அல்மா"தான். யாரும் சொல்லைத் திருத்தவில்லை, மொழிபெயர்ப்பில்தான் வழி பிரிகிறது.

சூழலையும் மறைக்காதீங்க. ஆகாஸ் ராஜா இரண்டு ராஜாக்களுக்குப் பயந்து நடுங்குகிறான். 7:16, பிள்ளைக்கு நன்மை தீமை தெரியும் முன்னே அந்த இருவரின் தேசமும் கைவிடப்படும் என்கிறது. அவர்களில் ஒருவனின் தலைநகரான தமஸ்கு கி.மு. 732-இல் விழுந்தது. அடையாளம் முதலில் அந்த ஆகாஸுக்கு.

கையேட்டுக்குத் தமிழிலேயே சான்று இருக்கு. பழைய மொழிபெயர்ப்பு: "இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி". 1995-இல் வந்த திருவிவிலியம்: "கருவுற்றிருக்கும் அந்த இளம்பெண்". "ஒரு" என்பது "அந்த" ஆனது "ஹா" என்ற சுட்டுக்காக. "கர்ப்பவதியாகி" என்பது "கருவுற்றிருக்கும்" ஆனது "ஹாரா" பெயரடை என்பதற்காக. ஆதியாகமம் 16:11-இல் ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும் ஆகாரிடம் தூதன் சொல்வதும் அதே "ஹாரா". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்க, பாதி விளக்கம் மிச்சம்.

அப்புறம் ஒன்று: கன்னிப் பிறப்பில் இஸ்லாமியருக்குச் சண்டையே இல்லை. குர்ஆன் 3:47, 19:20 அதைச் சொல்கின்றன, ஏசாயாவைத் தொடாமலே.

சங்கீதம் 22:16, "என் கைகளையும் என் கால்களையும்" என்ற இடம், ஒரே ஒரு எழுத்துத் தகராறு. மசோரா வாசகம் (உயிர்க்குறியிட்ட எபிரேய மூலம்) "காஅரி", சிங்கத்தைப் போல. வாக்கியத்தில் வினைச்சொல் இல்லாமல் தொங்குகிறது. சாக்கடல் பக்கம் நஹல் ஹெவேரில் கிடைத்த பழைய சுருளில் கடைசி எழுத்து யோத் இல்லை, வாவ்: "காஅரு". செப்துவாஜிந்த் "தோண்டினார்கள்" என்கிறது. யோத் சின்னக் கோடு, வாவ் கொஞ்சம் நீண்ட கோடு, பழைய கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நம் பைபிளின் "உருவக் குத்தினார்கள்" அந்த "தோண்டினார்கள்"-ஐவிட ஒரு படி தாண்டிப் போகிறது. "மறுக்கவே முடியாத" என்ற அடைமொழியை நோட்டீஸ்காரர் எடுத்துவிடுவது நல்லது.

---

காசிமேடு கரை பதில்:

லோகோ பிரதர், சொல்லாராய்ச்சி சரி. ஆனால் மத்தேயு "நிறைவேறும்படி" என்பதை ஜோசியம் பலித்த கணக்கில் சொல்லவில்லை. 2:15-இல் அவர் எடுப்பது ஓசியா 11:1, "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்". ஓசியாவில் அது இஸ்ரவேல் ஜனம், நடந்து முடிந்த சம்பவம். அதைத் தெரிந்தேதான் எடுக்கிறார். பழைய கதையின் சாயலை இயேசுவிடம் பார்க்கிறார். விசுவாசிக்கு அது போதும், மேடையில் எதிராளியை மடக்கத்தான் போதாது. இந்த வித்தியாசத்தை விட்டால் கையேடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

மஹமத்தீமுக்கு எளிய உவமை: "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று 1 யோவான் 4:8. நம்ம ஏரியாவில் தெருவுக்கு நாலு அன்பு இருக்காங்க.

---

கல்மண்டபம் வாசகன்:

அன்பு உவமை முதல் பக்கத்துக்குப் போகுது. நன்றி அண்ணே, பாய், எல்லாருக்கும். ஒன்று மட்டும்: சங்கீதம் 84:6 "அழுகையின் பள்ளத்தாக்கு" என்பது மக்காவின் "பக்கா" என்கிறார்களே?

---

பவளக்காரத் தெரு பதில்:

இங்கே தமிழ் மொழிபெயர்ப்பும் கேள்விக்கு உரியதுதான். எபிரேயம் "எமேக் ஹாபாகா". பாகாவின் கடைசி எழுத்து ஆலெப். அழுகைக்கு உரிய வினைச்சொல் "ஹே" எழுத்தில் முடியும். ஆலெப்போடு வருவது 2 சாமுவேல் 5:23-இல் உள்ள மரத்தின் பெயர், தமிழில் முசுக்கட்டை என்று போட்டிருக்கிறார்கள். செப்துவாஜிந்த் ஒலியைப் பிடித்து "அழுகை" என்றது, தமிழ் அந்த வழியில் போனது. ஆக, "இது இடப்பெயர்" என்று பாய்மார்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அடுத்த வசனத்திலேயே பயணம் சீயோனில் போய் முடிகிறது. குர்ஆன் 3:96-இன் பக்காவுக்கு இந்த வழியில் போக முடியாது.

வசன எண்ணில் கவனம். செஃபாரியா மாதிரி யூதப் பதிப்பில் பார்த்தால் சங்கீதத்தின் தலைப்பே முதல் வசனம். நீங்கள் தேடும் 22:16 அங்கே 22:17, 84:6 அங்கே 84:7. அந்த 13 இடங்களில் ஒன்றான யோவேல் 3:5, அத்தியாயப் பிரிப்பு வேறு என்பதால், அங்கே 4:5. இது தெரியாமல் "யூதர்கள் வசனத்தை நீக்கிவிட்டார்கள்" என்று ஒருத்தர் எழுந்து கத்தினால் அன்றைய கூட்டம் அதோடு சரி. கையேட்டில் இரண்டு எண்ணையும் போட்டுவிடுங்க.