சர்வர் அறைக்கு அட்டைப் பூட்டு மட்டும் போதுமா?

கேள்வி:
எங்கள் சர்வர் அறைக்கு ஒரே கதவு, அட்டை காட்டினால் திறக்கும். உள்ளே ஒரு கேமரா. போன வாரம் ஏசி பழுது பார்க்க வந்தவர் எங்கள் ஆள் பின்னாலேயே நுழைந்துவிட்டார், யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பயமாகவே இருக்கிறது. முதலில் எதைச் சரி செய்வது?

பதில் 1:
அந்தப் பின்னால் நுழைவதுதான் பெரிய ஓட்டை. இரட்டைக் கதவு வையுங்கள்: முதல் கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும், ஒரு நேரத்தில் ஒருவர்தான். அப்புறம் அட்டை 125 கிலோஹெர்ட்ஸ் பழைய வகையா என்று பாருங்கள், அவற்றில் பெரும்பாலானவை மறையாக்கம் இல்லாமல் எண்ணை அப்படியே அனுப்புபவை, சில நொடிகளில் நகல் எடுத்துவிடலாம். அட்டையோடு ரகசிய எண்ணோ (PIN) கைரேகையோ சேர்த்தே ஆக வேண்டும்.

பதில் 2:
கதவை மட்டும் பார்க்காதீர்கள். பொய்க்கூரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள், சுவர் மேல்தளம் வரை போகிறதா? பல இடங்களில் போகாது, சுவருக்கு மேலாக ஏறி உள்ளே இறங்கிவிடலாம்.

பதில் 3:
தீயையும் மறக்காதீர்கள். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஹெச் நிறுவனத்தின் ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். மின்காந்தப் பூட்டு என்றால் மின்சாரம் போனதும் திறந்துகொள்ளும், அதற்குத் தனி பேட்டரி வேண்டும். ஆனால் தீ அலாரம் அடித்தால் உள்ளிருப்பவர் தடையில்லாமல் வெளியேற வேண்டும், இதில் சமரசமே கூடாது.

கேட்டவர்:
கூரையைப் பார்த்தேன். சுவர் பாதியில் நிற்கிறது.