மறுமொழி: பிஸ்டன் பின் பொருத்தத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை பாடப்புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஃபோர்டு எஞ்சின் அத்தியாயத்தில் ஒரு சொல்தான் பாக்கி: பிஸ்டனையும் கனெக்டிங் ராடு என்ற இணைப்புத் தண்டையும் சேர்க்கும் பின், தன் துளையில் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதற்கான பெயர். வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே எழுதுகிறேன்.

> பின்னுக்கு 'அச்சாணி' போதும். 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி' என்று குறளே சொல்கிறது.

ஐயா, குறளின் அச்சாணி சக்கரம் கழன்று ஓடாமல் தடுக்கும் கடையாணி. இந்தப் பின் அப்படியல்ல, கனெக்டிங் ராடு இருபுறமும் ஆட இடம் தருவது. 'மூட்டாணி' எனக்குச் சம்மதம். பட்டறையில் கஜன் பின் என்றுதான் கேட்பார்கள் என்பதால் அதையும் பக்கத்தில் போடுவோம். புறநானூற்றுச் 'சேம அச்சு' மடல் அருமை. உப்பு வணிகரான உமணர் வண்டிக்கு அடியில் கட்டிய அந்த உபரி அச்சுதான் நம் ஸ்டெப்னிக்கு மூத்தது. அதைத் தனி இழையில் பேசலாம்.

பிஸ்டனுக்கு முசலமா உலக்கையா என்ற சண்டை வேண்டாம். இலங்கை நண்பர்களுக்கு முசலம் பழகிய சொல், இங்கே மாணவருக்குப் பிஸ்டன்தான் புரியும்.

> 'பொருத்தம்' கல்யாணச் சொல். 'புணர்ச்சி' என்க. தானாகச் சேர்வது இயல்பு, அடித்து ஏற்றுவது விகாரம்.

இலக்கணப்படி அழகான பாகுபாடு, மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முன் அந்தச் சொல்லை எழுதிவிட்டுப் பாடம் நடத்த முடியாது ஐயா.

என் கட்சி இதுதான்: கை செய்யும் சோதனையே பெயராகட்டும். பின்னையும் பிஸ்டனில் அதற்கான துளையையும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, அறை வெப்பத்தில் பெருவிரலால் அழுத்துகிறோம். கொஞ்சம் எதிர்த்துக்கொண்டே சீராக உள்ளே போனால் சரி. தானாக வழுக்கி விழுந்தால் தளர்வு, ஓடும்போது தட்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துளைக்கு ரீமர் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) ஓட்ட வேண்டும். ஆகவே 'பெருவிரல் பொருத்தம்'.

பிஸ்டனைச் சிலிண்டரில் பார்ப்பது வேறு சோதனை. சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து, சுருள்வில் தராசால் உருவிப் பார்ப்பார்கள். அது 'இழுப்புப் பொருத்தம்'. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. ஃபோர்டின் மாடல் ஏ காரில் வந்த அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். சூடேறினால் பின்னுக்கான துளை தளரும், அதே சூட்டில் பிஸ்டன் சிலிண்டரை நெருக்கும். ஒரே விரிவு, எதிரெதிர் விளைவு. மாணவர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

'கட்டைவிரல்' என்று மாற்றச் சொன்ன அம்மாவுக்கு: பேச்சு வழக்கு உங்கள் பக்கம்தான். ஆனாலும் 'கட்டைவிரல் பொருத்தம்' என்றால் விரலையே பொருத்துவதுபோல் ஒலிக்கிறது. நீங்கள் இன்னும் ஒப்பவில்லை என்பது தெரியும்.

பெரும்பாலோர் 'சரி, முடியுங்கள்' என்றுவிட்டதால் பெருவிரலையே அனுப்புகிறேன். இன்னொன்று மிச்சம். 1908 முதல் 1927 வரை வந்த மாடல் டி காரில் இந்தப் பின், ராடில் போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கப்பட்டு, பிஸ்டனின் வெண்கலப் புஷ்ஷில் (துளைக்குள் செருகிய உள்வளையத்தில்) திரும்பும். மாடல் ஏ-யில் ராடிலும் திரும்பும். டி-யின் அந்தப் பிடிப்புக்கு 'இறுக்கம்' போதுமா, 'பிணிப்பு' வேண்டுமா? பட்டறை அனுபவம் உள்ளவர்கள் நாளை இரவுக்குள் எழுதுங்கள்.