"வில்"லின் இறந்தகாலம் "வுட்" என்றால், நாளைக்கு ஏன் "வுட்" போடுகிறோம்?

திருச்சி_வாசகன்:
நண்பர்களே, போன வாரம் "ஐ வுட் பி ஆன் லீவ் ஆன் மண்டே" என்று மெயில் போட்டேன். டீம் லீடர் "வில் போடுங்க" என்று திருத்தினார், காரணம் சொல்லவில்லை. வுட் போட்டால் மரியாதை என்றுதான் இத்தனை வருடமாக எழுதி வருகிறேன். பள்ளியில் வில்லின் இறந்தகாலம் வுட் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அப்படியானால் "வுட் யூ லைக் டீ?" என்பதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது?

இலக்கணப்பிரியை:
உங்கள் டீம் லீடர் சொன்னது சரி. உறுதியாக நடக்கப்போவதற்கு வில். வுட் போட்டால் கூடவே ஒரு "ஆனால்" ஒட்டிக்கொண்டு வரும்: "ஐ வுட் கம், பட் ஐ ஹேவ் எ மீட்டிங்" என்றால் வர ஆசைதான், வர முடியாது. அதனால் உங்கள் மெயிலைப் படிக்கும் வெளிநாட்டுக்காரர் திங்கட்கிழமை லீவு உறுதியா, எதையாவது பொறுத்ததா என்று குழம்புவார். நம் நாட்டு ஆபீஸ் ஆங்கிலத்தில் இது சாதாரணமாகப் புழங்குவதால் நமக்கு உறுத்துவதில்லை. மரியாதை வருவது, கேட்கும்போதும் விருப்பத்தைச் சொல்லும்போதும்தான். பள்ளியில் சொன்னதும் பொய்யில்லை: "ஹி செட் ஹி வுட் கம்", அதாவது வருவதாகச் சொன்னார்.

ஆச்சி_வீடு:
எனக்குப் பிடித்த பயன்பாட்டை யாரும் சொல்லவில்லையே! "சின்ன வயதில் லீவு விட்டால் ஆச்சி வீட்டுக்குப் போவோம், மத்தியானம் முழுக்கக் கிணற்றில் குளிப்போம்" என்கிறோம். போவோம், குளிப்போம் இரண்டும் எதிர்கால வினைமுற்று, ஆனால் நடந்து முப்பது வருடம் ஆகிறது. ஆங்கிலத்தில் இதே இடத்தில் "வி வுட் கோ" வரும். இரண்டு மொழியும் இப்படி ஒத்துப்போவதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு வுட் பயமே போய்விட்டது. ஒரு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. "வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கும்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், ஆங்கிலத்தில் அதற்கு "தேர் யூஸ்ட் டு பி" தான். திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கே வுட், அப்படியே இருந்த நிலைக்கு இல்லை.

திருச்சி_வாசகன்:
அடடா, போவோம் உதாரணத்தில் பளிச்சென்று புரிந்துவிட்டது, நன்றி. அப்புறம் "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" சரியா? நிறையக் கேட்கிறேன்.

இலக்கணப்பிரியை:
பேச்சில், அதுவும் அமெரிக்கர்கள் பேச்சில், காதில் விழும். எழுத்திலும் தேர்விலும் வேண்டாம்: "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்". பொதுவாக இஃப் பக்கம் வுட் வராது. "இஃப் யூ வுட் வெயிட் எ மினிட்" என்று பணிவாகக் கேட்கும்போது மட்டும் வரும், ஏனென்றால் அங்கே "தயவுசெய்து மனம் வைத்தால்" என்ற பொருள். பழைய ஆங்கிலத்தில் வில் என்ற சொல்லுக்கே "விரும்பு" என்றுதான் அர்த்தம், அது இந்த வாக்கியத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.