மறு: இன்-பிளேஸ் எடிட் – 'அசலையே திருத்து' எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

கோப்புகளின் வரிகளை மாற்றித் தரும் செட் (sed) கட்டளையில், கோப்பிலேயே மாற்றத்தைப் பதியும் ஐ (-i) தெரிவை ஆங்கிலத்தில் 'இன்-பிளேஸ் எடிட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் வந்த சொற்களில் 'உள்ளிடத் திருத்தம்' வேண்டாம். உள்ளிடு, உள்ளீடு எல்லாம் இன்புட்டுக்கு நிலைத்துவிட்டன. படிப்பவர் மனம் அங்கேதான் போகும். 'இடத்திலேயே திருத்தல்' நல்ல சொல்தான். ஆனால் அந்தக் கட்டளை செய்வது அதுவல்ல.

லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு செட் பழைய கோப்பின் உள்ளே எதையும் எழுதுவதில்லை. அதே அடைவில் (ஃபோல்டரில்) ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து, மாற்றிய வரிகளை அதில் எழுதி, முடிந்ததும் பழைய பெயரை அதற்கு வைத்துவிடுகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையை அதன் ஐ தெரிவோடு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள், ஐனோட் எண் (கோப்பின் உள் அடையாள எண்) மாறியிருக்கும். ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) இருந்தால் அது பழைய உள்ளடக்கத்தோடு தனியாக நின்றுவிடும். சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) மேல் ஓட்டினால், அதற்கென உள்ள தெரிவைத் தராவிட்டால், லிங்க் போய் அங்கே சாதாரணக் கோப்பு வந்து உட்காரும். நிரல்களைத் தனிக் கூட்டுக்குள் ஓட்டும் டாக்கரில், வெளியிலிருந்து ஒற்றைக் கோப்பை மட்டும் மவுண்ட் செய்து இணைத்திருந்தால் பெயர் மாற்ற முடியாமல் பிழை காட்டி நிற்கும். சர்வர் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

ஹீப் சார்ட் மாதிரி, தரவு இருக்கும் நினைவகத்துக்குள்ளேயே வரிசைப்படுத்தும் முறைகளுக்கு 'இடத்திலேயே' அப்படியே பொருந்தும். அதை அங்கே வைத்துக்கொள்வோம்.

சரி, செட் பயன்படுத்துபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? விடை திரைக்கு வராது, கையில் இருக்கும் கோப்பே மாறிவிடும் என்பதுதான். நட்சத்திரக் குறி போட்டு ஓர் அடைவின் எல்லாக் கோப்புகள் மேலும் ஓட்டுகிறவருக்கு இந்த எச்சரிக்கை சொல்லிலேயே இருக்க வேண்டும். அதனால் 'அசலையே திருத்து' என்பது என் பரிந்துரை. நகல், அசல் எல்லோருக்கும் தெரிந்த இணை. உதவிக் குறிப்பில் இப்படி வரும்:

கோப்புகளின் அசலையே திருத்து (பின்னொட்டு தந்தால் காப்பு நகல் எடுக்கும்)

மேக் கணினியில் அந்தப் பின்னொட்டு (காப்பு நகலின் பெயர் முடிவில் சேர்வது) கட்டாயம். வேண்டாமென்றால் வெற்று மேற்கோள் குறிகளாவது தர வேண்டும். அப்புறம், ஐ தெரிவு இல்லாதபோது செட் பல கோப்புகளை ஒரே ஓட்டமாகப் படிக்கும், வரி எண்ணும் தொடர்ந்துகொண்டே போகும். இந்தத் தெரிவில் ஒவ்வொரு கோப்புக்கும் எண் 1-இலிருந்து தொடங்கும். 'கோப்புகளின்' என்ற பன்மையை அதனால் விடக் கூடாது.

பெயர்ச்சொல்லுக்கு 'அசல் திருத்தம்' என்றால் உண்மையான திருத்தம் என்று பொருள் திரியும்; 'அசலையே திருத்தல்' போதும். பெர்ல் (Perl) நிரல்மொழியின் ஐ தெரிவுக்கும் இதையே போடலாமா என்று சொல்லுங்கள்.