வகுப்பில் பேசுவதற்கு எத்தனை மதிப்பெண் தரலாம்?

கரும்பலகை:
எங்கள் துறையில் அடுத்த பருவத்திலிருந்து வகுப்புப் பங்கேற்புக்கு 20 சதவீத மதிப்பெண் ஒதுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. 30 வரைகூடப் போகலாம் என்பது என் கட்சி. தேர்வுக்கு முந்தின இரவு விழுந்து விழுந்து படித்து, எழுதித் தேறிவிடுகிறார்கள். அதே பாடத்தை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லச் சொன்னால் முழிக்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பல பாடங்களில் ஏறக்குறைய பாதி மதிப்பெண் வகுப்பு விவாதத்துக்குத்தான். மதிப்பெண் இல்லாத வேலையை மாணவர்கள் செய்வதே இல்லை. உங்கள் கருத்து என்ன?

நடுவரிசை:
படிக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், சார். 20 என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருத்தி எழுத்துத் தேர்வுகளில் 90 சதவீதம் வாங்குகிறாள், ஆனால் வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். பங்கேற்பில் 20-க்கு 5. அவளுக்கு மொத்தம் 77. இன்னொருவன் தேர்வில் 75 சதவீதம், ஆனால் தினமும் கை தூக்குவான். 20-க்கு 20. அவனுக்கு மொத்தம் 80. தேர்வில் 15 பின்தங்கியவன் 3 முந்திவிட்டான். நீங்கள் சொல்கிற 30 வந்தால் அந்த இடைவெளி 12 ஆகும். இதில் பாடம் எங்கே இருக்கிறது?

என் நண்பனுக்குத் திக்குவாய். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கேள்வி வந்ததும் அவனுக்குப் பதில் தெரியும், நோட்டின் ஓரத்தில் எழுதியும் விடுவான். எந்த எழுத்தில் தொடங்கினால் நாக்கு சிக்காது என்று வாக்கியத்தை மனத்துக்குள் மாற்றி மாற்றிப் போடுவான். அதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவனுக்கு 20-க்கு எத்தனை போடுவீர்கள்?

மொழியாசிரியை:
தம்பி, உங்கள் நண்பர் போன்றவர்களுக்கு மாற்று வழி கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதை வைத்து மொத்தத்தையும் தள்ளிவிடாதீர்கள். நான் புதிய மொழி கற்றுத்தருகிறேன். என் வகுப்பில் பேச்சுதான் பாடம். பேசாத மாணவரை நான் எதை வைத்து மதிப்பிடுவேன்?

கூச்சத்தை அப்படியே விட்டுவிடுவது கருணை என்றும் நான் நினைக்கவில்லை. 2013-இல் வெளியான டல்லிமோர் குழுவினரின் ஆய்வு ஒன்று உண்டு. கை தூக்காதவர்களையும் ஆசிரியர் பெயர் சொல்லி அதிகம் கேட்ட வகுப்புகளில், போகப் போகத் தாமாகவே பதில் சொல்ல முன்வருபவர்கள் கூடினார்கள், தயக்கமும் குறைந்தது. நேர்முகத் தேர்வில் போய் முதல் தடவையாக வாய் திறப்பதைவிட வகுப்பில் தடுமாறுவது நல்லதில்லையா?

நடுவரிசை:
மேடம், அந்த ஆய்வு ஒப்பிட்டது கேட்கும் முறையை. பங்கேற்புக்கு 20 கொடுத்தால் என்ன ஆகும், 5 கொடுத்தால் என்ன ஆகும் என்று அது பார்க்கவில்லை. பேச வைத்தது ஆசிரியரின் கவனம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது: கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள். அதை 3 விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அதற்கு ஒரு மதிப்பெண்கூடச் செலவில்லையே. முதலில் அதைச் செய்து பார்க்கலாமே?

ஏட்டுப்பொறுப்பு:
மதிப்பெண் பதிவேடு, மறுமதிப்பீட்டு மனு எல்லாம் என் மேசைக்கு வருபவை. அதனால் நடைமுறையைக் கேட்கிறேன். 60 பேர் இருக்கிற வகுப்பு, 50 நிமிடம். ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு 50 விநாடி. பாடமும் நடத்தினால்? நாலைந்து பேர் பேசுவார்கள், மற்றவர்களுக்கு நேரமே இருக்காது. நேரம் கொடுக்காமல் மதிப்பெண்ணைக் குறைப்பது என்ன நியாயம்?

அப்புறம், பெரும்பாலும் இந்த மதிப்பெண்ணைப் பருவ முடிவில் மொத்தமாக உட்கார்ந்து போடுகிறார்கள். யார் முகம் நினைவில் நிற்கிறதோ அவருக்குக் கூடுதலாக விழுகிறது. ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களை மதிப்பிட்ட விதத்தை எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-இலேயே காட்டினார்: ஒரு குணத்தில் நல்லவர் என்று பட்டவருக்கு மற்றக் குணங்களிலும் உயர்வாகவே போட்டிருந்தார்கள். விடைத்தாள் என்றால் எடுத்து மறுபடி திருத்தலாம். போன மாதம் சொன்ன பதிலை எங்கே போய் எடுப்பது? மாணவர் மனு கொடுத்தால் என்னிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

கரும்பலகை:
பதிவு வேண்டும் என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். 60 பேர் வகுப்பில் 10-க்கு மேல் வேண்டாம், அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். ஆனால் 15 பேர் கூடிப் பேசுகிற கருத்தரங்க வகுப்பில் 25-இலிருந்து நான் இறங்க மாட்டேன். அங்கே ஒருவர் சொல்வதைக் கேட்டுத்தான் இன்னொருவர் கற்கிறார். எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு எதுவும் தராமல் போகிறவருக்கும், தயார் செய்து வந்து தப்பாகவாவது ஒன்றைச் சொல்கிறவருக்கும் ஒரே மதிப்பெண்ணா? அதுவும் அநியாயம்தான்.

நடுவரிசை:
தயாரிப்பைத்தான் அளக்கிறீர்கள் என்றால் அதை எழுத்திலும் அளக்கலாம், சார். வகுப்புக்கு முன் வாசித்ததிலிருந்து ஒரு கேள்வி எழுதிக் கொடுப்பதும் பங்கேற்புதான். சின்னக் குழுவில் பேசுவதும் அப்படித்தான். எதற்கு எத்தனை என்று முதல் வாரமே தெரிய வேண்டும். பாதிப் பருவத்தில் என் நிலை என்ன என்றும் சொல்ல வேண்டும், திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே. இவ்வளவும் இருந்தால் 10-ஐ ஏற்கிறேன். கருத்தரங்கில் 25 என்பதை இப்போதும் ஏற்கவில்லை. அங்கேயும் அடுத்தவரைப் பேசவிடாமல் தானே பேசுகிறவருக்குத்தான் முழு மதிப்பெண் போகும்.

மொழியாசிரியை:
போகாமல் பார்த்துக்கொள்ளலாம். வகுப்பு முடிந்ததும் வருகைப் பதிவேட்டிலேயே பெயருக்கு நேரே 0, 1, 2 என்று குறித்துவிடுகிறேன். ஒருமுறை பேசினாலும் பத்து முறை பேசினாலும் உச்சம் 2 தான். முந்தைய ஆள் சொன்னதைத் தொட்டுப் பேசினால்தான் அந்த 2. மூன்று நிமிட வேலை. ஏட்டுப்பொறுப்பு சார், மனு வந்தால் காட்ட இந்தக் காகிதம் போதுமா, இல்லை என்ன பேசினார் என்றும் எழுதி வைக்க வேண்டுமா?